தாரா இறகுப் பை

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய அடுத்த வருடமே அண்ணை பனிமலைக் கேதாரத்துக்குப் போக வெளிக்கிட்டார். மகன் சிறுவயதில் காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி. மலையடியிலிருந்து கோயில்வரை நடந்தே ஏறுவேன், என் மூட்டையை நானே சுமப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு மூச்சிழுக்கும் தொய்வு வியாதி இல்லை. கடவுள் வாக்கை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

கடவுச்சீட்டு, விசா, நாணய அனுமதி, தலைமன்னார்க் கப்பல் எல்லாம் என் பொறுப்பு. எந்தக் கந்தோரில் எந்த மேசைக்கு முன்னால் எவ்வளவு நேரம் பணிவாக நிற்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது குளிர். கடலோரச் சுருவிலில் பிறந்தவனுக்கு அது மார்கழியில் ஒரு சால்வையோடு முடிந்துவிடுகிற விஷயம்.

பனிக்காலத்துக்குக் கோயில் நடை சாத்துவதற்கு முந்திய கிழமைகளில்தான் போகமுடியும் என்பதால், லண்டனிலிருந்த மகன் ஒரு படுக்கைப் பை அனுப்பினான். உறைக்குள் அது ஒரு பேக்கரிப் பாண் அளவுதான். வெளியே எடுத்து உதறியதும் ஓர் ஆள் நீளத்துக்கு ஊதியது. தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. அண்ணியிடம் வேறு இரண்டு யோசனைகள் இருந்தன: என்னுடைய பழைய பட்டாளத்துக் கம்பளி, அல்லது வேலணையில் மெத்தை தைப்பவரிடம் சொல்லி இலவம்பஞ்சில் ஒரு பை.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லையே. லண்டன்காரர் காத்தை அடைச்சு விக்கினமோ?" என்றார் அண்ணி.

அண்ணை விறாந்தையில் பையை விரித்து, உள்ளே புகுந்து, சிப்பைக் கழுத்துவரை இழுத்தார். சோளகக் காற்று வீசுகிற வெக்கை மத்தியானம். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

எதையும் வாசிக்காமல் விட்டுப் பழக்கமில்லாத நான், ஓரத்தில் தைத்திருந்த துணித்துண்டை உரத்து வாசித்துத் தமிழும் சொன்னேன். உள்ளே இருப்பது தாரா வாத்தின் நெஞ்சிறகு.

அந்த வீட்டில் முட்டைகூட ஏறியதில்லை.

"செத்த தாராவுக்குள்ளை படுத்துக்கொண்டு சிவனிட்டைப் போறதோ?"

"கம்பளியும் ஆட்டு மயிர்தானே அண்ணி."

"ஆட்டைக் கொல்லாமல் மயிர் வெட்டலாம் தம்பி."

"அப்ப பட்டு? புழுவை அவிச்செல்லோ எடுக்கிறது?"

"பட்டு கோயிலுக்கே உடுக்கிறது."

கந்தோரில் இருந்திருந்தால் அண்ணி எனக்கு மேலதிகாரியாக இருந்திருப்பார். அதற்குள் அண்ணை வெளியே வரப் பார்த்தார். சிப் துணியைக் கவ்விக்கொண்டது. கைகள் உள்ளே. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் ஓடியது.

"இதைத் திறவும். மூச்சு முட்டுது."

அண்ணி பக்கத்தில் குந்தினார். சிப்பில் கையை வைத்தார், இழுக்கவில்லை.

"இறகைக் கொட்டிப்போட்டுப் பஞ்சு அடைக்க ஓமெண்டு சொல்லுங்கோ. திறக்கிறன்."

"எனக்குப் பாரம் தூக்க ஏலாதப்பா."

"அப்ப கிடவுங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். புருஷன் பெண்சாதி வழக்கில் மூன்றாம் ஆள் தலையிடுவதற்கு ஒரு முறையும் கிடையாது. நான் வேலியைப் பார்த்தேன். மூச்சு சீழ்க்கையடிக்கத் தொடங்கியதும் அவர், "ஓம்," என்றார்.

அடுத்தநாள் பையின் வயிற்றை வெட்டினார்கள். பாதி சோளகத்தோடு பறந்து வேம்பில் ஒட்டியது. மீதியைப் பின்வளவு மீன்பிடிக் குடும்பத்து அக்கா சாக்கில் அள்ளினார். "எங்கடை வீட்டிலை மீன் செதிலோடை இதுவும் கிடக்கட்டும். மாதா கோவிக்கமாட்டா."

பஞ்சு அடைத்த பையை அண்ணை முதுகில் கட்டியபோது இரண்டாவது ஆளைச் சுமப்பவர்போல் இருந்தார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தாராம். கூலியாட்கள் கேட்டும் கொடுக்கவில்லை. வாக்கு. பாதி வழியில் பையா மூச்சா என்று வந்தபோது, பையை ஒரு தேநீர்க்கடையில் விட்டுவிட்டுச் சால்வையோடு ஏறினார். அன்றிரவு வழித் தங்குமடத்தில் குளிரில் நெஞ்சு அடைத்தது. விடிய நாலுபேர் அவரைக் கீழே தூக்கிவந்தார்கள்.

"கோயில் தெரிஞ்சதோ அண்ணை?" என்று வீடு திரும்பியவரிடம் கேட்டேன்.

"ஒரு திருப்பம்தான் மிச்சம் எண்டு ஆரோ சொன்னது கேட்டது."

அந்த மார்கழியில் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. நெஞ்சில் குளிர் போகவில்லை என்றபடியே கிடந்தார். பின்வளவு அக்கா ஒரு தலையணையோடு வந்தார். அந்த இறகுதான். அண்ணி வாசலில் வழிமறிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, புருஷனின் நெஞ்சுக்குமேல் வைத்தார்.

"தாராவெல்லோ அண்ணி?"

"வீட்டிலை கிடக்கிறவருக்கு என்ன ஆசாரம் தம்பி?"

அண்ணை தலையணைக்குமேல் கையை வைத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தார்.

"நல்ல சூடென்னப்பா?" என்றார் அண்ணி.

"ஓம்," என்றார் அண்ணை.