கண்ணாடியில் வளர்ந்த பாசி

மீன் குழம்பில் கரண்டியை விட்டுக்கொண்டே வாஞ்சிநாதன் கடலைப் பற்றிப் பேசுவார். அமெரிக்காவில், குபெர்டினோவில் எந்தத் தமிழர் வீட்டு விருந்தானாலும் இதே கதைதான். “இந்த ஃபிஷ் எதைத் தின்னு வளந்துச்சு தெரியுமா? நான் ஸ்டடி பண்ற பாசியத்தான்!” கேட்பவர்கள் முள் எடுக்க மறந்து விழிப்பார்கள்.

பெருந்துறைப் பக்கத்து ஆள். இவருடைய பாட்டன், பெரியப்பன்மார், ஏன், மூன்று அத்தைமாரும்கூட கிணற்றில் தொபுக்கென்று குதித்து நீந்தியவர்கள். அந்த வம்சத்தில் கணுக்கால் நனையாமலே கடலுக்கு டாக்டர் பட்டம் வாங்கியவர் இவர் ஒருத்தர்தான். படகைப் படத்தில் பார்த்தாலே குமட்டும். மனைவி கலாவதி வந்தவர்களிடம் சொல்வாள்: “ரசத்துக்கு உப்புப் பாக்கத் தெரியாது. பசிபிக்குக்கு உப்புப் பாக்கறாராமா!”

ஊருக்குப் பக்கத்து வளைகுடாவின் படகுத்துறையில் அவருடைய கருவி ஒன்று தொங்குகிறது. தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, பாசி எவ்வளவு என்று அது சொல்லும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதன் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அது உதவியாளர் சண்முகப்ரியாவின் வேலை. கோடை முழுக்க அவளைப் பிடித்து, தன் மாநாட்டுப் படங்களுக்கு வண்ணம் பூச உட்காரவைத்துவிட்டார். “க்ளீனிங் எங்கயும் ஓடிப்போகாதும்மா. ஸ்லைட்ஸ முடி.”

கருவியின் கணக்கில் பாசி ஏறிற்று. ஒன்றுக்கு மூன்றாக. வளைகுடாவே தலைகீழாகிறது என்று கட்டுரை எழுதிவிட்டார் மனிதர். திங்கட்கிழமை மாநாட்டில் வாசிக்க வேண்டும். அதற்குள் நாலு வீட்டு விருந்தில் வாசித்தாயிற்று.

ஞாயிறு காலை, சண்முகப்ரியா அந்தக் கருவியை வாளியில் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுவந்தாள். பல நாள் தேய்க்காத பல்லைப்போல, கண்ணாடிமேல் பச்சை வழுவழுப்பு.

“பாசி கடல்ல ஏறலைங்க சார். இதுமேலதானுங்க ஏறியிருக்குது. பேப்பர வித்ட்ரா பண்ணிருங்க. இல்லீன்னா அதுல போட்டிருக்கற என் பேர எடுத்துருங்க.”

வாஞ்சிநாதன் வாளியைப் பார்த்தார். “ஃபோட்டோ எடுத்தியா?”

“இன்னும் இல்லீங்க. உங்ககிட்டக் காட்டிட்டு எடுக்கலாம்னு…”

மூக்கைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். வாளியைச் சமையலறைக்கு இழுத்துப்போனார். சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு, கலாவதி பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கடல் கருவியைத் தன் கையாலேயே தேய்க்கத் தொடங்கினார்.