மாடி ஏறும் ஷெத்லியா

மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஷெத்லியா வெளிப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார். மெத்தை முன்னும் பின்னும் தொங்குவதால் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கிறது.

"பெஷிர்! அடுப்பை நேராப் புடி. மிளகா விழுது ஜாடியை நீ தொடாத, அதை நான் வந்து எடுத்துக்கறேன்."

பெஷிர் அவருடைய கணவர். படகில் மீன் பிடிக்கப் போகிறவர். பேச வேண்டியதையெல்லாம் கடலிலேயே பேசித் தீர்த்துவிட்டு வருவார் போல, கரையில் அவர் வாயைத் திறந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அடுப்பை நேராகப் பிடிக்கிறார்.

ஜூலை முப்பத்தொன்று. ஷெத்லியா தன் வீட்டை விட்டு மாடிக்குக் குடிபோகும் நாள். கீழ் வீடு ஆகஸ்ட் முழுக்கக் கடலுக்கு வருகிறவர்களுக்கு. எங்கள் கடலோர ஊரான மஹ்தியாவில் பாதிப் பேர் கோடையில் இப்படித்தான். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியிலோ பின்கட்டிலோ மச்சான் வீட்டிலோ ஒண்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் நாடு கடத்தப்பட்ட முகத்தோடு போவார்கள். ஷெத்லியா மட்டும் பட்டாபிஷேகத்துக்குப் போகிற மாதிரி ஏறுவார்.

என் மாடிக்கும் அவர் மாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். நான் தபால் நிலையத்தில் வேலை செய்கிறேன். கோடையில் மதியத்தோடு அலுவலகம் முடிந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு என்னிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இந்த அம்மாளும் இருக்கிறார்கள். வேறு பொழுதுபோக்கு நான் தேடியதில்லை.

பள்ளிக்கூடம் நடக்கும் ஒன்பது மாதமும் அவர் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவர். அதனால் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. "தட்டை எடு" என்பார். ஐம்பத்தாறு வயது. இடுப்பில் எப்போதும் கோடு போட்ட ஒரு துண்டு கட்டியிருப்பார். கை துடைக்க, சூடான பாத்திரம் இறக்க, ஈ ஓட்ட, கடற்கரையில் விரித்து உட்கார எல்லாவற்றுக்கும் அதுதான். என்னை "தபாலு" என்று கூப்பிடுவார். எனக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும் என்றுதான் நம்புகிறேன்.

அவர் வீட்டுக்கு வாடகைக்கு வருகிறவர்கள் விடுமுறைக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள், பாவம். முதல் நாள் மாடியில் கரியடுப்பு போட்டுச் சாளை மீன் சுட்டு, ஆளுக்கு எட்டு தின்ற பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடற்கரை. தர்ப்பூசணியை அலை வந்து தொடும் இடத்தில் மணலில் புதைத்துவிட்டு, "அது குளுந்து வர்ற வரைக்கும் யாரும் கரைக்கு வரக் கூடாது" என்று காவல் நிற்பார். ஓரத்தில் கால் நனைப்பவர்கள் மீது அவருக்கு ஒரு தனிக் கோபம். "முழங்கால் வரைக்கும் நனைச்சிட்டு கடல்ல குளிச்சேன்னு ஊர்ல போய்ச் சொல்லுவீங்க. தலை நனையணும். முங்குங்க!" வெள்ளிக்கிழமை சந்தையில் அவர்களுக்காக அவரே பேரம் பேசுவார். சண்டையும் அவரே போடுவார். சாயங்காலம் கல்யாணம். ஆகஸ்டில் எங்கள் ஊரில் கல்யாணம் இல்லாத நாள் கிடையாது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் வாடகைக்காரர்களைப் புதுத்துணி போடச் சொல்லிக் கூட்டிப் போய்விடுவார். யாராவது இவர்கள் யார் என்று கேட்டால், "என் ஆளுங்க" என்பார். ஒரு வருஷம் மூன்று பாட்டுக்கு ஆடி முடித்துவிட்டு வந்து, "தபாலு, மாப்பிள்ளை யாரு வீட்டுப் பையன்?" என்று என்னைக் கேட்டார்.

பதினான்கு வருஷமாக அந்த "என் ஆளுங்க" ஒரே குடும்பம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், அல்ஜீரியாவில் தெபெஸ்ஸா என்கிற மலைப்பக்கத்து ஊர். லக்தர், அவர் மனைவி வர்தா, மூன்று பெண்கள். மூத்தவள் நெஸ்ரின் நீந்தக் கற்றது ஷெத்லியாவின் உள்ளங்கை மேல் படுத்துத்தான். அவர்களுடைய குடை, காபி போடும் பாத்திரம், இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு எல்லாம் சமையலறை மூலையில் பதினொரு மாதமும் அப்படியே இருக்கும். பெஷிர் ஒருமுறை அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு படகுக்குப் போய்விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்த வருஷம் ஜூலை நடுவில் வர்தா தொலைபேசியில் கூப்பிட்டார். நெஸ்ரினுக்கு வசந்தத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ரெத்வான், ஓரான் நகரத்துக்காரர், எஞ்சினியர். மாமனார் மாமியாருக்கு மரியாதை செய்கிறேன் என்று எங்கள் ஊருக்கு வெளியே நீச்சல் குளம் வைத்த பெரிய ஹோட்டல் ஒன்றில் எல்லோருக்கும் அறை போட்டுவிட்டார். புது மாப்பிள்ளை செய்த ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்ல எந்த மாமியாருக்கு வாய் வரும்? வர்தா அழுதிருக்கிறார். ஷெத்லியா, "நல்லதுதானே, நல்லா இருங்க" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பிறகு மூன்று குடும்பங்கள் வீடு கேட்டு வந்தன. ஒருவர் தலைநகரத்து டாக்டர். மூன்று பேரையும், "ஆள் இருக்கு" என்று வாசலோடு அனுப்பினார். ஜூலை முப்பத்தொன்று வந்ததும், யாருமே வராத வீட்டைக் கழுவித் துடைத்துப் பூட்டிவிட்டு, மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

"எதுக்குக்கா மாடிக்கு வர்றீங்க? கீழதான் யாருமே இல்லையே!"

"அவங்க வருவாங்க."

"ஹோட்டல்ல ரூம் போட்டாச்சு. குளம் இருக்கு, மூணு வேளையும் வேணுங்கறதை அள்ளிக்கலாம். அதை விட்டுட்டு இங்க வருவாங்களா? வந்தா நான் மீசையை எடுத்துடறேன்."

அவர் மெத்தையை இறக்கினார். என் மீசையை ஒரு நிமிஷம் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்க, தபாலு. உன் மூஞ்சில உருப்படியா இருக்கறது அது ஒண்ணுதான்."

தெரு சிரித்தது. ரொட்டிக்காரர் தினமும், "அரண்மனை காலியா இருக்கு, ராணி மொட்டை மாடியில" என்று கத்திவிட்டுப் போனார். ஷெத்லியா கயிறு கட்டிய கூடையை இறக்கி ரொட்டியை மேலே இழுத்துக்கொண்டார். நானும் சிரித்தவன்தான். ஆனால் பக்கத்து மாடியில் இருப்பவனுக்குச் சில விஷயங்கள் தெரிந்துவிடும். பதினான்கு வருஷம் அவர் அந்தக் குடும்பத்துக்கு வீட்டுக்காரியாக இருந்தாரா, சொந்தமாக இருந்தாரா என்பதுதான் அந்தப் பூட்டிய கதவுக்குள் கிடந்த கேள்வி. வராமல் போனால் ஊர் இரண்டு வாரத்தில் மறந்துவிடும். அவர் மறக்கமாட்டார். தெருவில் கார் சத்தம் கேட்டபோதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துணி உலர்ந்ததா என்று தொட்டுப் பார்த்தார்.

நாலாம் தேதி மதியம் அவர்கள் வந்தார்கள். பெட்டி இல்லாமல். மஹ்தியா வரை வந்துவிட்டு ஷெத்லியாவைப் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காதல்லவா, அதற்காக ஒரு மரியாதை நிமித்தம். எல்லோர் மணிக்கட்டிலும் ஹோட்டலில் அடையாளத்துக்குக் கட்டிவிட்ட பச்சைப் பட்டி.

ஷெத்லியா வர்தாவைக் கட்டிக்கொண்டு நாலு முறை முத்தம் கொடுத்தார். பிறகு அந்தப் பட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்னடி இது, ஆஸ்பத்திரியில கட்டற மாதிரி? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

மாப்பிள்ளைக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. வெள்ளைக் கால்சட்டை போட்ட, நல்ல உயரமான பிள்ளை. மாடியில் வெயிலுக்குக் கட்டியிருந்த படுக்கை விரிப்பின் கீழே குனிந்து உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் சுவரைத் தாண்டியிருப்பேன்.

ஷெத்லியா எண்ணெய்ச் சட்டியை வைத்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பிரிக் போடப்போகிறார் என்று. மெல்லிய மாவுத் தாளில் மீனும் மசித்த கிழங்கும் கொத்தமல்லியும் வைத்து, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மடித்துக் கொதிக்கும் எண்ணெயில் விடுவது. வெளியே மொறுமொறுவென்று இருக்கும். உள்ளே மஞ்சள் கரு தளும்பிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளை முதல் விருந்தில் அதில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தின்றாக வேண்டும். சிந்தினால் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று மிரட்டுவார்கள். யாரும் அனுப்பாமல் இருந்ததில்லை. ஆனால் சாகும் வரை சொல்லிக் காட்டுவார்கள். எனக்கு இரண்டு சொட்டு. பத்தொன்பது வருஷமாகிறது, என் மச்சினன்கள் இன்னும் விடவில்லை.

ஓரான்காரருக்கு இது தெரியாது. "முள்கரண்டியும் கத்தியும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

நெஸ்ரின் வாயைத் திறந்தாள். ஷெத்லியா கண்ணாலேயே அவளை அடக்கிவிட்டு இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் அப்படியொரு சாந்தம். இந்த அம்மாளை நல்லவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

கத்தி இறங்கியது. மஞ்சள் கரு தட்டைத் தாண்டி வெள்ளைக் கால்சட்டையில் வந்து நின்றது. லக்தர் கடலைப் பார்க்க ஆரம்பித்தார். வர்தா முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினார்.

"பரவாயில்ல மாப்பிள்ளை, ஹோட்டல் பழக்கம்" என்றார் ஷெத்லியா. "இன்னொண்ணு போடறேன்."

இரண்டாவதை மாப்பிள்ளை கையில் எடுத்தார். ஓரத்தைக் கடித்தார். கரு ஒழுகிப் பச்சைப் பட்டியை நனைத்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளை பட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். "அத்தை, இன்னொண்ணு" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு இந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது.

ஷெத்லியா அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "ரெண்டு மூலையையும் புடிங்க. நடுவுல கடிங்க. பயப்படாதீங்க, முட்டைதான். கடிச்சதும் உறிஞ்சுங்க. ம், விடாதீங்க, உறிஞ்சுங்க!"

மூன்றாவது பிரிக் ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே போனது. ஷெத்லியா தலையை நிமிர்த்திக் குலவை போட்டார். வர்தா சேர்ந்துகொண்டார், பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சங்கதி என்னவென்றே தெரியாமல் பக்கத்து மூன்று மாடிகளிலிருந்து பதில் குலவை வந்தது. பெஷிர் வாயைத் திறந்து, "சபாஷ்" என்றார்.

மாப்பிள்ளை அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தின்றார். கடற்காற்றில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது.

"அத்தை, நீங்க ஏன் மாடியில இருக்கீங்க? கீழ யாரு குடியிருக்காங்க? ஒரு சத்தத்தையும் காணோமே."

நெஸ்ரின் குனிந்துகொண்டாள். ஷெத்லியா சட்டியில் இருந்ததைத் திருப்பிப் போட்டார்.

"நீங்கதான்."

"நாங்களா?"

"ஆமா. இந்த வருஷம் நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

வர்தா இப்போது மறைக்காமல் அழுதார். மாப்பிள்ளை கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அவர்கள் கிளம்பியபோது எல்லோரும் ஏதேதோ பேசினார்கள். அதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்க வீட்டுக்கு அவங்கள நான் எப்படிக் கூப்பிடறது?" என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது தெருவில் கார் ஒலிப்பான் கேட்டது. மாடிக்கு ஓடினேன். இரண்டு கார்கள். தலைமேல் பெட்டிகள், சுருட்டிய பாய், காற்றடித்த ரப்பர் வளையம். ரெத்வான் நடுத்தெருவில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் பட்டி இல்லை.

"அத்தை! வீட்டைத் திறக்கணும்!"

ரொட்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். இத்தனை நாள் சிரித்த ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தோற்றவன் நான்தான், ஆனாலும் குலவை போடத் தெரிந்திருந்தால் நான்தான் முதலில் போட்டிருப்பேன்.

ஷெத்லியா அவசரப்படவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடித் தம்ளரில் மிச்சமிருந்த புதினாத் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தார். இடுப்புத் துண்டால் கண்ணை ஒரு முறை அழுத்தித் துடைத்தார். பிறகு கூடையை எடுத்துக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே விட்டார். சாவி முப்பத்தொன்றாம் தேதியிலிருந்து அதற்குள்ளேதான் இருந்திருக்கிறது.

வலது கை கயிற்றை மெல்ல மெல்லக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. இடது கை, முகத்தை என் பக்கம் திருப்பாமலே, பெஷிரின் சவரக் கத்தியையும் சோப்புக் கிண்ணத்தையும் முழங்கால் சுவரின் மேல் கொண்டுவந்து வைத்தது.