உடைசல் மெயில்களுக்குப் பதில் போட்ட மேரி

மேரி இறந்துவிட்டாள்.

காலையில் அவள் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க ஆண்ட்டி" என்றாள்.

இதைப் படிக்கும் பலருக்கு அவளைத் தெரியாது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனி ஆபீஸில் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து சீட். டீலர்களின் மெயிலுக்குப் பதில் போடுவது அவள் வேலை, பில் போடுவது என் வேலை.

வருவதில் பாதிக்கு மேல் உடைசல் புகார்தான். லாரியில் போன கப்பு, சாசர், வாஷ்பேசின் எல்லாம் உடைந்து கிடப்பதை போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆர்டர் நம்பர் தேடி, போட்டோவைச் சேமித்து, பதில் அடித்து, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுக்கு ஒரு காப்பி... நாள் முழுக்க இதேதான்.

ஒரு நாள் கவனித்தேன். இடது கை ஒற்றை விரலால் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

சுளுக்கு என்றாள். மாதக்கணக்கில் சுளுக்கா?

ஒரு லஞ்சில் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள், மூடியைத் திறக்கச் சொல்லி. அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்றாம். நரம்பு நோய். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு. குணமாக்க மருந்து இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத. ஸ்டெல்லா காலேஜ் முடிக்கிற வரைக்கும் இந்த வேல எனக்கு இருக்கணும்."

கணவர் இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பழைய புத்தகக் கடையில் தடியாக ஒரு புத்தகம் வாங்கி வந்திருந்தாள். புரோகிராமிங் என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கானது. மெயில் சாஃப்ட்வேரைத் தானாக வேலை செய்ய வைப்பது எப்படி என்று அதில் ஒரு பகுதி இருந்தது. கை போனாலும் மெயில் போக வேண்டும்... அதுதான் அவள் கணக்கு.

இரண்டு பேரும் தமிழ் மீடியம். புத்தகமோ இங்கிலீஷ். தினமும் லஞ்சில் ஒரு பக்கம். நான் வாசித்துப் பக்கம் புரட்டுவேன், அவள் யோசிப்பாள். பாதி நாள் எனக்கு ஒன்றும் ஏறாது. அவளுக்கு ஏறியது.

முதல் வாரம் ஸ்க்ரீனில் ஒரு சின்னப் பெட்டி வந்து "வணக்கம்" சொன்னது. அவ்வளவுதான். அதற்கே மேரியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு கூத்து. ஒரு டீலர் லீவில் போகும்போது "நான் ஊரில் இல்லை" என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். மேரியின் புரோகிராம் அதற்குப் பதில் போட, அது இதற்குப் பதில் போட... மத்தியானத்துக்குள் மெயில்பாக்ஸ் நிரம்பி வழிந்தது. நான் பயந்து ஒயரைப் பிடுங்கினேன். மேரி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். துடைக்கக் கை எழவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன்.

அதையும் சரிசெய்தாள். உடைசல் மெயில் வந்தால் நம்பரை எடுத்து, போட்டோவைச் சேமித்து, பதில் போட்டு, டெஸ்பாட்சுக்கும் அனுப்பிவிடும். ஒன்றரை வருடம் ஓடியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான்தான் கெடுத்தேன்.

மேரி ஏன் காலை இழுத்து நடக்கிறாள் என்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். உதவி செய்வார் என்று நம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புரோகிராமைப் பற்றியும்... பெருமையாக.

அடுத்த மாதமே அவளை வேலையை விட்டு வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் வேலையைச் செய்யப் புரோகிராம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

கடைசி நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். நான்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியும். நீ கெட்ட எண்ணத்துல சொல்லல" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகும் புரோகிராம் நின்றுபோனால் அவளுக்குத்தான் போன் செய்தேன், வெட்கமில்லாமல். எந்த வரியில் எதை மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லுவாள். போகப் போகப் பேச்சு குழறியது. ஒரு நாள் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. "புரியுது மேரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் நான் போன் செய்யவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவளை நேரில் பார்க்கப் போனேன். படுத்த படுக்கை. ஸ்டெல்லா காலேஜை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேரி என்னைப் பார்த்து எதையோ சொன்னாள். மூன்று முறை சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. ஸ்டெல்லாதான் குனிந்து கேட்டுச் சொன்னாள்.

"புரோகிராம் ஓடுதான்னு கேக்குறாங்க ஆண்ட்டி."

அதற்குள் கம்பெனியில் வேறு சாஃப்ட்வேர் வாங்கிவிட்டார்கள். அவள் எழுதியதை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தது நான்தான். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

"ஓடுது மேரி. நல்லா ஓடுது" என்றேன்.

கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

மூன்று மணிக்கு அடக்கம். பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்டெல்லாவிடம் என்ன சொல்லுவது என்று தெரியவில்லை... சர்ச் ஸ்டாப் வந்துவிட்டது.

போயிட்டு வா மேரி.