டால்பினுக்கு ஒரு லோடு தண்ணீர்

எண்ணூர்ப் பக்கம் ஒரு டால்பின் கரை ஒதுங்கிய வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் நான்காம் வகுப்பு. டால்பின் மீன் இல்லை, பாலூட்டி; கரையில் கிடந்தால் தோல் காய்ந்து செத்துப்போகும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதெல்லாம் கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். சித்தப்பா ஓட்டியதோ தண்ணீர் லாரி. வேறென்ன வேண்டும்?

அழுதேன், சாப்பிட மறுத்தேன். கொரட்டூர் ஃப்ளாட் ஒன்றுக்குப் போகவேண்டிய லோடு கடலை நோக்கித் திரும்பியது. வழியெல்லாம் ஃப்ளாட் செக்ரட்டரி போனில் கத்திக்கொண்டே வந்தார். “ஒரு உயிர் விசயம் சார்” என்றார் சித்தப்பா. கடலுக்கே தண்ணீர் கொண்டுபோகிறோமே என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது அங்கே நின்ற மீனவர் ஒருவருக்குத்தான். “இன்னா அண்ணாத்தே, கடலு வத்திப்போச்சுன்னு எவனாவது சொன்னானா?”

சித்தப்பா பதில் சொல்வதற்குள், லாரியைப் பார்த்த மீனவர் குப்பமே பிளாஸ்டிக் குடங்களோடு வரிசை கட்டிவிட்டது. குடத்தைப் பார்த்தால் குழாயைத் திறக்கிற கை அவருடையது. திறந்துவிட்டார். நான் வரிசையின் கடைசியில் நின்று கத்தினேன்.

“புள்ள மீனுக்கு ஊத்தணுமாம், உடுங்கடி!” என்று ஓர் அக்கா வழிவிட்டாள்.

“மீன் இல்லக்கா, பாலூட்டி!”

“இன்னாவோ ஒண்ணு, ஊத்து போ!”

ஒரே ஒரு குடம் கிடைத்தது. ஊற்றினேன். டால்பின் அசையவில்லை. வாடை வேறு அடித்தது. பயந்தால் அப்படித்தான் அடிக்கும் என்று சித்தப்பாவுக்கு விளக்கினேன். அவர் குனிந்து அதன்மேல் கை வைத்தார். பிறகு மீனவரைப் பார்த்தார். மீனவர் இப்போது சிரிக்கவில்லை.

“பாப்பா, ஆளு பாத்துகினு இருந்தா அதுக்கு வெக்கம், கடலுக்குப் போவாது. நீ லாரில குந்திகினு கண்ண மூடி ஆயிரம் எண்ணு” என்றார் சித்தப்பா.

எண்ணினேன். அறுநூற்றில் குழம்பி, நேர்மையாக மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

இறங்கி ஓடினால் டால்பின் இல்லை! சித்தப்பாவும் நாலைந்து மீனவர்களும் வியர்த்து வழிய, கைகால் மணலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னேன். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் முழுக்கதையும் சொன்னேன். டால்பின் கிடந்த இடத்தில் நீளமாக எழும்பியிருந்த மணல்மேட்டைக்கூட போர்டில் வரைந்து காட்டினேன், கடலுக்குள் பாயும்போது வாலால் ஓங்கித் தள்ளிய மணல் என்று.