அடுப்புப் புகையில் தொங்கிய அறுவடை

"துணி தொவைக்கறதுக்கா கண்ணு மெட்ராசு வரைக்கும் போயிப் படிச்சே?"

எனக்கு வேலை கிடைத்த அன்று சித்தப்பா கேட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பழந்துணிகளைப் பழுதுபார்த்துக் காப்பது என் தொழில். சென்னையில் ஒரு லேபில் சீனியர்களுடன் இருந்தேன். தனியாகச் செய்த முதல் வேலை எங்கள் ஊரான கொல்லிமலையிலேயே, அம்மாவால் வந்தது.

மலையில் திண்ணனூர் நாடு என்னும் பகுதியில் ஒரு பங்களாவை அம்மா பார்த்துக்கொள்கிறார். கூடத்தில் ஐரோப்பாவில் நெய்த பழைய டேபெஸ்ட்ரி ஒன்று தொங்கியது. கம்பளியும் பட்டும் கலந்த சுவர்த்திரை. குடியானவர்கள் கோதுமை அறுக்கும் காட்சி. முதலாளியம்மா ஊரில் இல்லாத மழைக்காலத்தில் அதில் பூச்சி விழுந்துவிட்டது. விதைக்கு வைக்கும் கேழ்வரகுக் கதிரை எப்படிக் காப்பாரோ, அப்படியே அம்மா அதைச் சமையலறை விறகடுப்புக்கு மேலே, புகை படும்படி கட்டிவிட்டார்.

திரும்பி வந்த முதலாளியம்மா கத்தினார். "கரிக்கந்தலாக்கிப் போட்டியே! இனி ஊட்டுப் பக்கம் வராதே."

அம்மா போனில் அழுதார். "பூச்சி திங்குதேன்னுதான் சாமி கட்டுனேன்."

அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். அம்மாவின் வேலை அந்தத் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது. நானே சுத்தம் செய்து தருகிறேன் என்று முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

"தண்ணியில அலசிப் பாக்கலாமா?" என்றார் முதலாளியம்மா.

"வேண்டாமுங்க. தண்ணி பட்டாக் கரி நூலுக்குள்ள எறங்கீரும்."

திரையைத் தரையில் விரித்து, வலைத்துணி போட்டு, வேக்யூமைக் குறைந்த இழுப்பில் வைத்து உறிஞ்சினேன். பிறகு கரி எடுக்கும் ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றினேன். தேய்க்கக் கூடாது. மூலையில் ஒரு பெண் தெரிந்தாள். பாவாடையை இடுப்பில் செருகி, கதிர்க்கட்டை முழங்காலால் அழுத்திக் கட்டுகிறாள். பாவாடையின் ஒட்டுக்குத் தனி நீலம். ஒற்றை வைக்கோல் தாளுக்குள் பல மஞ்சள்கள். பின்பக்கமிருந்தே இதை நெய்திருக்கிறார்கள். தறியிலிருந்து இறக்கும்வரை முழுப்படத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். என் கை தானாக நின்றுவிட்டது.

வாசலில் நின்ற அம்மா எட்டிப் பார்த்தார். "இவ கட்டறது தூக்கறதுக்குள்ள அவுந்துரும். முறுக்குப் பத்தாது."

முதலாளியம்மா சிரித்துவிட்டார்.

பூச்சி எல்லாம் போயிருந்தது. அந்தப் பெருமை புகைக்கு. ஓரத்தில் பட்டு நூல் இற்றிருந்தது. அந்தப் பழியும் புகைக்கு. இரண்டையும் மறைக்காமல் சொன்னேன்.

"செரி, உங்கம்மா வேலையில இருக்கட்டும்" என்றார் முதலாளியம்மா. " மாடியில இன்னொண்ணு சுருட்டிக் கெடக்குது. அதையும் நீயே பாரு."

கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு பொருளைக் காப்பாற்றக் கை வைக்கும் முன், அது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். கேழ்வரகுக்குப் புகை ஆகும், பட்டுக்கு ஆகாது.

லேப் வேலையை விட்டுவிட்டேன். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தப் பட்டறைக்கு மாடி அறை எடுத்தாயிற்று. நீள மேசையில் இரண்டாவது திரை விரிந்து கிடக்கிறது. பார்க்க வந்த அம்மா அறையைச் சுற்றிவந்து கேட்டார்.

"அடுப்பு எங்க கண்ணு வெப்பே?"

"இங்க அடுப்பே கெடையாதும்மா."