எங்க வீட்டுக்கு மட்டும் வந்த தண்ணி

இப்பவும் மாடிப்படியில கீழ் வீட்டு அக்கா எதிர்ல வந்தா, செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிறேன்.

எங்க மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பிளாக்குல நாலு வீடு, மேல ஒரே டேங்க். போன கோடையில மெயின் குழாய் உடைஞ்சுது. ரிப்பேர் முடியிற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு டேங்க் தண்ணிதான். அதைப் பிரிக்கிறதுல தினமும் ரகளை. சிப்புக்கு புரோகிராம் எழுதறது என் பொழப்பு. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "வீட்டுக்குக் கால் மணி நேரம், மாத்தி மாத்தி வால்வு தானா திறந்து மூடற மாதிரி செஞ்சு தரேன்"னு எல்லார் முன்னாடியும் பீத்திக்கிட்டேன்.

ஒரு சின்ன போர்டுக்கு குட்டி கெர்னல் எழுதினேன்; எந்த வேலை எப்போன்னு முறை வைக்கிற புரோகிராம் அது. கெர்னலுக்குத் தானா நேரம் தெரியாது. சிப்புக்குள்ள இருக்கிற டைமர்தான் சிப்போட துடிப்பை எண்ணி எண்ணி அதைத் தட்டும். தட்டினா, "உன் முறை முடிஞ்சுது, அடுத்த ஆள் வா"ன்னு கெர்னல் ஆளை மாத்தும். மைன்ஸ்ல சைரன் அடிச்சா ஷிஃப்ட் மாறுற மாதிரிதான்.

வரிசையில முதல் வீடு எங்களுது, கடைசி அக்கா வூடு. போர்டை மாட்டின அன்னைக்கு அவங்க பொண்ணுக்கு வளைகாப்பு. "நீ இருக்கியே தம்பி, தண்ணிக்கு என்ன கவலை"ன்னு முந்தின நாளே சொல்லியிருந்தாங்க.

காலையில போர்டை ஓட விட்டுட்டு, நான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஆபீஸ் மீட்டிங்ல உட்கார்ந்துட்டேன். அம்மா அண்டா, குடம், பக்கெட் எல்லாத்தையும் ரொப்பினாங்க. குழாய் நிக்கல. வர்றது நம்ம பங்குதானேன்னு வீட்டைக் கழுவி, போர்வை எல்லாம் துவைச்சுப் போட்டாங்க. மத்த மூணு வீடும் என் மிஷினை நம்பிக் காத்துக்கினு இருந்திருக்கு. மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்தேன். பால்கனி முழுக்க போர்வை சொட்டிக்கிட்டிருந்தது. மொட்டைமாடிக்கு ஓடினேன்.

டேங்க் காலி. தப்பு ஒரே ஒரு வரியில. அந்த சிப் நான் நெனச்சதுல எட்டுல ஒரு பங்கு வேகத்துலதான் துடிச்சிருக்கு. கால் மணி ரெண்டு மணியாயிடுச்சு. ஒரு தடவை கைக்கடிகாரத்தை வச்சு சரிபார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். சோம்பேறி நாய் நான், கம்ப்யூட்டர்ல மட்டும் ஓட்டிப் பார்த்தேன்.

அக்கா பட்டுப்புடவையோட, இடுப்புல காலிக் குடத்தோட படியேறி வந்தாங்க. பின்னாடி மத்த ரெண்டு வீட்டுக்காரங்க. எல்லார் கண்ணும் எங்க போர்வை மேல. டைமர், துடிப்புன்னு என்னென்னமோ உளறினேன். "தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காம இருப்பானா"ன்னு பக்கத்து வீட்டு சார் திரும்பிக்கிட்டார்.

அக்கா ஒரு வார்த்தை திட்டல. "ரெண்டு குடம் குடுப்பியா தம்பி? உலை வைக்கணும்"னாங்க. அவங்க தண்ணியை அவங்களே என்கிட்ட கேட்டு நிக்கிறாங்க! கூசிப் போயிட்டேன். அண்டாவை அப்படியே தூக்கிட்டுக் கீழ இறங்கினேன்.

திரும்பி வந்தப்ப, யாரோ போர்டைக் கழட்டி எங்க வாசல்ல வச்சிருந்தாங்க.

சாயங்காலம் அக்காவே தட்டு நிறைய கலந்த சாதம் கொண்டு வந்தாங்க. அம்மா தலை நிமிராம வாங்கிக்கிட்டாங்க. "நாலு வூட்டுக்கும் சரியா பிரிச்சிருக்கேன், பார்த்துக்கோங்க"ன்னு அக்கா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க. அந்தப் புளிசாதத்தை நான் தொடல.