கார்மேகம் போட்ட கையெழுத்து

துபாய்ப் பக்கம், எங்கள் அஜ்மான் தொழிலாளர் கேம்பில் கையெழுத்து அழகு என்றால் கார்மேகம் அண்ணன்தான். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். பதினெட்டு வருஷமாகச் சாரம் கட்டுகிறார். அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆட்கள். யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவர் கட்டில் முன்னால் போய் நிற்பார்கள். நான் சுஐபு. அவர்களைத் தினமும் சைட்டில் இறக்கிவிடும் வேன் டிரைவர்.

சைட்டில் வேலை தொடங்குமுன் சேஃப்டி ஆபீசர் ஐந்து நிமிஷம் பேசுவார். எந்தப் பலகை ஆடுகிறது, எங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்வார். கேட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இறங்கினதும் "யல்லா, யல்லா" என்று விரட்டுகிற இடத்தில் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று எப்போது போடுவது? அதனால் கார்மேகம் அண்ணன் வேனிலேயே எல்லோருக்கும் போட்டுவிடுவார். சும்மா கிறுக்கல் இல்லை. அவனவன் கையெழுத்தை அப்படியே போடுவார். மணிமாறனுடையது சரிந்திருக்கும். அருள்முருகன் தன் பெயரின் கடைசியில் ஒரு வேல் வரைவான், அந்த வேல்கூட அச்சாக வரும்.

"அண்ணே, நீங்க பேங்க்ல வேலை பார்த்திருந்தா ஊரையே வித்திருப்பீங்க" என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவன் நான்தான். இன்னொருவர் மானம் போன கதை மாதிரி இதை எழுதிவிட்டு நான் நழுவ முடியாது.

பிப்ரவரியில் ஒருநாள் வேன் நின்றதுமே இன்ஜினியர் அருள்முருகனை மட்டும் சாரத்தின் மூன்றாவது தட்டுக்கு ஏற்றிவிட்டார். மற்றவர்கள் கூட்டத்தில் நின்றார்கள். அன்றைக்குச் சொன்ன சேதியே, மூன்றாவது தட்டில் மேற்குப் பக்கப் பலகை கழன்றிருக்கிறது, யாரும் மிதிக்காதீர்கள் என்பதுதான். கேட்க வேண்டியவன் மேலே இருந்தான். மிதித்தான். இடுப்பும் வலது மணிக்கட்டும் போயின.

நஷ்டஈடு கேட்டு அருள்முருகன் வழக்குப் போட்டான். கோர்ட்டில் கம்பெனி அந்தத் தாளை நீட்டியது. எச்சரிக்கையைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவன் அலட்சியமாக மிதித்தான், தப்பு அவனுடையது என்றது. நான் கூட்டத்திலேயே இல்லை என்றான் அருள்முருகன். பிறகு கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்டதற்கு, தெரியாது என்று மட்டும் சொன்னானாம். யார் போட்டது என்று கேம்பில் தெரியாதவர் இல்லை. அவன் சொல்லவில்லை.

அப்புறம்தான் சாட்சி சொல்ல வரச்சொல்லி அண்ணன் போனுக்கு அரபியில் மெசேஜ் வந்தது. ரூமில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் வக்கீல் ஆனார்கள். ஐடி கார்டை மறக்காதே, முழுக்கைச் சட்டை போடு, போனை அணைத்துவிடு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று ஆளாளுக்கு ஒன்று. மணிமாறன் போனில் பார்த்த ஏதோ இங்கிலீஷ் படத்தை நம்பி, "பன்னெண்டு பேர் வரிசையா உக்காந்திருப்பாங்கண்ணே. அவங்கதான் யாரு மேல தப்புன்னு சொல்லுவாங்க" என்றான். ஒருத்தன்கூட, உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லவில்லை. நானும்தான்.

அவரே சொன்னார். மறுநாள் காலை வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். "சுஐபு, நான்தான் போட்டேன்னு சொல்லிரப் போறேன். அவன் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கான். நான் பொய் சொன்னா சோறு எறங்குமா?" நான் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினேன்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். உள்ளே சினிமாக் கூண்டு இல்லை. மணிமாறன் சொன்ன பன்னிரண்டு பேரும் இல்லை. உண்மை தெரிந்தவர்கள் எல்லோரும் சைட்டில் பலகை தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நீதிபதி, மலையாள வாடையோடு தமிழ் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓரத்தில் சக்கர நாற்காலியில் அருள்முருகன், பக்கத்தில் அவன் வக்கீல், எதிரே கம்பெனி வக்கீல், அவ்வளவுதான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கடவுள் மேல் ஆணையாக உண்மை சொல்கிறேன் என்று அண்ணன் கையை உயர்த்திச் சொன்னார். தாளைக் காட்டினார்கள்.

"இந்த ஒப்பு யாருடையது?" கையெழுத்தைத்தான் அப்படிக் கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் நீதிபதி ஏதோ சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார்: "யோசிச்சுப் பறையணும். வேறே ஆள் இட்ட ஒப்பு என்றால் அது கள்ள ஒப்பு. இட்ட ஆளுக்கு ஜெயில்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார், அது ஞாபகம் வந்ததோ என்னவோ. மறுபடி கேட்டார்கள். தரையைப் பார்த்தார். எனக்கு அங்கே உட்காரவே கூசியது. எழுந்து, இது எனக்கும் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழவில்லை.

மூன்றாவது தடவை கேட்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"என் கையெழுத்துதாங்க. காலையில போட்டேன். மறந்துட்டேன்."

அவனுடைய வக்கீல் திடுக்கிட்டுத் திரும்பினார். நீதிபதி அண்ணனைப் பார்த்தார். அப்படித்தானா?

"ஆமா" என்றார் கார்மேகம் அண்ணன். அதற்கு மட்டும் குரல் வந்தது.

நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. தப்பு அருள்முருகன் மேல் நின்றது.

வெளியே வராந்தாவில் வக்கீலின் உதவியாளர், அவனுடைய பாஸ்போர்ட் நகலையும் ஆஸ்பத்திரிக் கவரையும் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார். அருள்முருகன் வலது கையைத் தூக்கினான். விரல் எதுவும் மடங்கவில்லை. கொஞ்சம் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்ற அண்ணனைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"அண்ணே, நீங்களே போட்டுருங்க. உங்களுக்குத்தான் நல்லா வருமே."

குத்திக் காட்டுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. தினமும் வேனில் சொல்வதுபோலத்தான் சொன்னான். குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அண்ணன் வந்து பேனாவை வாங்கினார். குனிந்து முதல் எழுத்தைப் போட்டார். அடுத்த எழுத்துக்குக் கை போகவில்லை. பேனா நின்ற இடத்தில் மை ஊறிக்கொண்டே இருந்தது. உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை அவர் விரல்களிலிருந்து உருவி எடுத்தார். பையிலிருந்து மைப் பெட்டியை எடுத்து, அருள்முருகனின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து அழுத்தினார்.

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் உண்மையிலேயே அவன் கையால் விழுந்தது அந்தப் பெருவிரல் ரேகை ஒன்றுதான்.